கேமராவுக்குத் தெரியாத கோடு

சுற்றுலாப் பயணி, ரீல்ஸ் எடுக்கும் கல்லூரி மாணவர், கல்யாண வீட்டில் ட்ரோன் பறக்கவிடும் ஒளிப்படக்காரர்... யாராக இருந்தாலும் தவறான இடத்தில் எடுக்கும் ஒரு படம் அவரைச் சந்தேக வளையத்துக்குள் தள்ளிவிடும். சட்டம் என்ன சொல்கிறது, காவலர் ஏன் பதறுகிறார், அரசு செய்யத் தவறுவது என்ன என்று பார்ப்போம்.

2001 நவம்பர் 8. கிரேக்க விமானப்படை தன் ஆண்டு விழாவைக் கொண்டாடிய நாள். தெற்கு கிரேக்கத்தில் உள்ள கலமாட்டா விமானப்படைத் தளம் அன்று பொதுமக்களுக்காகத் திறந்துவிடப்பட்டிருந்தது. வந்திருந்த கூட்டத்தில் பிரிட்டனைச் சேர்ந்த 12 பேரும் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவரும் இருந்தார்கள். விமானங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும், அவற்றின் மேல் எழுதியிருக்கும் எண்களைக் குறித்துவைப்பதும் அவர்களுடைய பொழுதுபோக்கு. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பழக்கம் இது.

அந்த 14 பேரும் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நேரம். ராணுவ விமானங்களின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைப்பதில் ஒருவருக்கு என்ன இன்பம் இருக்க முடியும் என்பது கிரேக்க அதிகாரிகளுக்குக் கடைசிவரை புரியவில்லை. ஐந்து வாரங்கள் சிறையில் கழித்த பிறகே ஜாமீன் கிடைத்தது. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்றாண்டு சிறை, மற்ற ஆறு பேருக்கு ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில், அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

உளவு நடக்கவில்லை, உள்நோக்கமும் இல்லை. ஆனாலும் ஓராண்டு நிம்மதியும், வேலைகளும், சேமிப்பும் பறிபோயின. ‘நான் தப்பு எதுவும் செய்யவில்லையே’ என்ற நினைப்பு மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மனதில் இருந்த நோக்கம் நமக்குத் தெரியும். எதிரே நிற்பவருக்குத் தெரிவது நாம் நின்ற இடமும் கையில் இருந்த கருவியும்தான்.

நாடு நாடாக ஒரே கதை

கலமாட்டா தனிச் சம்பவம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2012-ல் அதே கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில், செக் நாட்டைச் சேர்ந்த இரண்டு வீடியோ கேம் வடிவமைப்பாளர்கள் ராணுவ நிலைகளைப் படமெடுத்ததாகப் பிடிபட்டார்கள். விடுமுறைக்கு வந்ததாக அவர்கள் சொன்னார்கள். அவர்கள் வேலை பார்த்த நிறுவனம் அந்தத் தீவைக் களமாக வைத்துப் போர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, 2013 ஜனவரியில்தான் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

2015-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலையம் அருகே விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்த பிரிட்டிஷ்காரர்கள் சில வாரங்களைச் சிறையில் கழித்தார்கள். 2019-ல் உலகம் சுற்றக் கிளம்பிய ஓர் ஆஸ்திரேலிய இணை, ஈரானில் ராணுவப் பகுதிக்கு அருகே ட்ரோன் பறக்கவிட்டதாகக் கைதாகி, மூன்று மாதங்கள்வரை தெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தது. 2021-ல் இஸ்தான்புல்லின் சாம்லிஜா கோபுரத்தின் மேலிருந்து அதிபரின் இல்லத்தைப் படமெடுத்ததாக ஓர் இஸ்ரேலியத் தம்பதி பிடிபட, இரு நாட்டு அரசுகளும் பேசித் தீர்க்கவேண்டிய விவகாரமாக அது வளர்ந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு ஹோட்டலில், ஓடுபாதை தெரியும்படி அறை கேட்டு வாங்கிய இரண்டு பிரிட்டிஷ்காரர்களைப் போலீஸ் பிடித்தது. விமானிகளின் உரையாடலைக் கேட்கும் கருவியும் கேமராவும் பைனாகுலரும் அவர்களிடம் இருந்தன. விமானப் பித்தர்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. உரிமம் இல்லாத கருவிக்காக அபராதம் கட்டிய பிறகே ஊர் திரும்ப முடிந்தது.

பெயரும் ஊரும் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான். ஓர் இடத்தில் சாதாரணமாக இருக்கும் பழக்கம், இன்னோர் இடத்தில் வேவு வேலையாகத் தெரிகிறது.

காவலர் ஏன் பதறுகிறார்?

இந்தக் கதைகளை மட்டும் படித்தால் அதிகாரிகள் எல்லோரும் அவசரக்காரர்கள் என்று தோன்றும். அவர்கள் பக்கம் நின்றும் பார்க்கவேண்டும். அதற்கு மும்பைக்குப் போகவேண்டும்.

2006-க்கும் 2008-க்கும் இடையே டேவிட் ஹெட்லி என்ற அமெரிக்கர் மும்பைக்குப் பலமுறை வந்துபோனார். தாஜ் ஹோட்டலில் தங்கினார். நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். துறைமுகப் பகுதியில் படகில் போனார். போன இடமெல்லாம் வீடியோ எடுத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, தடுக்கக் காரணமும் தெரியவில்லை. 2008 நவம்பர் 26 அன்று கடல் வழியாக வந்த பத்துப் பேர் எங்கே இறங்குவது, எந்தக் கட்டடத்துக்குள் எப்படி நுழைவது என்பதற்கு லஷ்கர்-இ-தொய்பாவுக்கு உதவியது அந்தச் சுற்றுலா வீடியோக்கள்தான். 160-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2013-ல் அமெரிக்க நீதிமன்றம் ஹெட்லிக்கு 35 ஆண்டு சிறை விதித்தது. அந்த வீடியோக்களை அன்று யாராவது வாங்கிப் பார்த்திருந்தாலும், ஊர் சுற்ற வந்தவர் எடுத்தவை என்றே நினைத்திருப்பார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரின் பதற்றத்துக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

தீய நோக்கமே இல்லாத படமும் உயிரை எடுக்கும். 2007-ல் இராக்கில் இருந்த அமெரிக்க வீரர்கள் சிலர், தங்கள் தளத்துக்குப் புதிதாக வந்த அப்பாச்சி ஹெலிகாப்டர்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். படத்துக்குள் பதிவாகியிருந்த இருப்பிடக் குறிப்பை எதிரிகள் எடுத்துக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டுத் தாக்குதலில் நான்கு ஹெலிகாப்டர்கள் அழிந்தன என்று பின்னாளில் அமெரிக்க ராணுவமே தன் வீரர்களுக்குப் பாடமாகச் சொன்னது.

2022 மார்ச்சில் கீவ் நகரின் ரெட்ரோவில் வணிக வளாகம் ரஷ்ய ஏவுகணையால் தகர்ந்தது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வளாகத்தின் அருகே ராணுவ வண்டிகள் நிற்பதை முன்பே ஒருவர் டிக்டாக்கில் பகிர்ந்திருந்தார் என்று உக்ரைனின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. அதே மாதத்தில், படை நடமாட்டத்தைப் படமெடுத்துப் பரப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி உக்ரைன் சட்டம் இயற்றியது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. அஜ்மல் கசாப் வழக்கில் 2012 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில், மும்பை மீட்பு நடவடிக்கையைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டிய விதத்தை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். பாகிஸ்தானில் உட்கார்ந்து ஆட்டுவித்தவர்கள், கமாண்டோக்களின் ஒவ்வொரு நகர்வையும் அந்த ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அது தொலைக்காட்சிகளின் கையில் இருந்தது. இன்று செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நேரலை நிலையம். பொறுப்பும் அதே அளவுக்குப் பரவிவிட்டது.

‘கூகுளில்தான் எல்லாம் தெரிகிறதே!’

தடுத்து நிறுத்தப்படும் பலர் கேட்கும் கேள்வி இது. செயற்கைக்கோள் படத்தில் உலகமே பார்க்கும் ஓர் அணுமின் நிலையத்தை நான் கடற்கரையில் நின்று படமெடுத்தால் என்ன?

கேள்வி நியாயமானது, பழையதும்கூட. கூகுள் எர்த் வந்த புதிதில், 2005 அக்டோபரில், குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் காவல்துறை அதிகாரிகளிடம் பேசும்போது இந்தக் கவலையை வெளிப்படையாகச் சொன்னார். கூகுளின் தெருக்காட்சிச் சேவைக்குப் பாதுகாப்புக் காரணம் காட்டி 2016-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. நிலப்படத் துறையின் விதிகள் 2021-ல் தளர்த்தப்பட்டன. அடுத்த ஆண்டு சென்னை உட்படப் பத்து நகரங்களில் அந்தச் சேவை தொடங்கியது. அரசின் பார்வையே மாறியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

ஆனால் செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும். தரையில் நின்று எடுக்கும் படம் வாசலைக் காட்டும். காவலர் எத்தனை பேர், எந்த நேரத்தில் மாறுகிறார்கள், கண்காணிப்புக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, சுற்றுச்சுவர் எங்கே தாழ்ந்திருக்கிறது, இன்றைக்கு எந்த வண்டி உள்ளே போனது என்பதெல்லாம் தரைப் படத்தில்தான் கிடைக்கும். கட்டடம் ரகசியமாக இல்லாமல் இருக்கலாம். அங்கே நாள்தோறும் நடக்கும் நடமாட்டம் ரகசியம்.

ஒரு படம் தனியாக ஒன்றும் சொல்லாது. நூறு படங்களை ஒருவர் சேர்த்து அடுக்கினால் அவை பேசும். ஓட்டப்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்களின் தடங்களை உலக வரைபடமாக வெளியிட்ட பிறகு, 2018 ஜனவரியில் இது அம்பலமானது. சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைநிலங்களில் வெளிநாட்டு வீரர்கள் காலையில் ஓடிய பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. முகாம்களின் வடிவம் அப்படியே வெளிப்பட்டது. அந்த வீரர்களில் ஒருவர்கூட ரகசியத்தைச் சொல்லவேண்டும் என்று ஓடவில்லை.

நூறாண்டுச் சட்டம்

இந்தியாவில் இந்த விஷயத்தில் முதலில் பாயக்கூடியது 1923-ம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம். பிரிட்டிஷ் ஆட்சியில் பிறந்து, இன்றும் உயிரோடு இருக்கும் சட்டம். நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்துடன் தடைசெய்யப்பட்ட இடத்தை நெருங்குவது, அதன் அருகே இருப்பது, எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடமோ குறிப்போ தயாரிப்பது ஆகியவற்றை இதன் 3-வது பிரிவு குற்றமாக்குகிறது. வரைபடம் என்பதில் ஒளிப்படமும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ராணுவ, கடற்படை, விமானப்படை இடங்கள் தொடர்பான குற்றமென்றால் 14 ஆண்டுகள்வரை சிறை. மற்றவற்றுக்கு மூன்றாண்டுகள்வரை.

‘கேடான நோக்கம்’ இருந்தால்தானே குற்றம் என்று ஆறுதல் அடையலாம். அதே பிரிவின் அடுத்த பகுதி அந்த ஆறுதலைக் குறைத்துவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு செயலை நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. சூழ்நிலை, நடத்தை, ஏற்கெனவே அறியப்பட்ட குணம் ஆகியவற்றிலிருந்தே நோக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்கிறது அது. தடைசெய்யப்பட்ட இடத்தின் அருகே பணியில் இருக்கும் போலீஸையோ படைவீரரையோ தடுப்பதும், தெரிந்தே அவர்களைத் தவறான திசையில் திருப்புவதும் 7-வது பிரிவின்படி தனிக் குற்றம். பதற்றத்தில் சொல்லும் ஒரு பொய் இன்னொரு வழக்கைக் கொண்டுவந்துவிடும்.

ஒருவர் மேல் உளவாளி என்ற முத்திரை விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் கைதானார். அவர் வழக்குக்கும் ஒளிப்படத்துக்கும் தொடர்பில்லை, ஆனால் பாய்ந்தது இதே ரகசியச் சட்டம்தான். குற்றச்சாட்டு பொய் என்று சிபிஐ 1996-லேயே சொல்லிவிட்டது. 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018-ல். இடையில் கரைந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை. நாடறிந்த விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், வக்கீல் வைக்க வழியில்லாத ஓர் இளைஞனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

வானத்திலும் கோடு உண்டு

தரையில் கவனமாக இருப்பவர்களும் மேலே போனதும் மறந்துவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. பச்சையில் பொதுவாக 400 அடி உயரம்வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் பகுதியில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இந்த வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்யாண மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன் செய்யும் வேலையாக ஒளிப்படக்காரர்கள் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

பயணிகள் விமானத்தின் ஜன்னலோரத்துக்கும் இது பொருந்தும். பறக்கும் விமானத்தில் பயணிகள் சாதாரணமாகப் படமெடுக்கத் தடையில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020-ல் தெளிவுபடுத்தியது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் இருந்தபோது, விமானப்படையோடு ஓடுபாதையைப் பகிரும் நிலையங்களில் 10,000 அடி உயரம்வரை ஜன்னல் திரையை மூடிவைக்கும்படியும் படமெடுக்கக் கூடாது என்றும் அதே இயக்குநரகம் உத்தரவிட்டது. சூழலுக்கேற்ப இத்தகைய உத்தரவுகள் மாறும். போன தடவை எடுத்தோமே என்பது இந்தத் தடவைக்கு அனுமதி ஆகாது. பணிப்பெண் சொல்லும் அறிவிப்பைக் காதில் வாங்குவதுதான் ஒரே வழி.

தமிழில் ஒரு பலகை

தமிழ்நாட்டின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து, விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள். ஆவடி டாங்கி தொழிற்சாலை, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. இவற்றில் பலவும் ஊருக்கு வெளியே ஒதுங்கியிருப்பவை அல்ல. பேருந்து போகும் சாலை, மீனவர் வலை இழுக்கும் கரை, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியைக் கடக்கும் குடும்பத்துக்கு, எங்கே செல்போனை இறக்கவேண்டும் என்று யார் சொல்வது?

1923-ம் ஆண்டின் சட்டத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ராணுவ இடங்கள் தாமாகவே தடைசெய்யப்பட்டவை. மற்ற அரசு இடங்களை அறிவிக்கை மூலம் அந்தப் பட்டியலில் சேர்க்கும்போது, அறிவிக்கையின் நகலை அங்கே ஆங்கிலத்திலும் அந்த வட்டாரத்தின் மொழியிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்நிய ஆட்சியில் எழுதப்பட்ட சட்டத்துக்கே, மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லாமல் தண்டிக்கக் கூடாது என்ற நியாயம் தெரிந்திருக்கிறது. இன்று ராணுவ வளாகம் உட்பட எல்லா இடத்திலும் அந்த நியாயத்தைக் கடைப்பிடிப்பதில் என்ன தடை?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் வேலியில் தொங்கும் பலகையில் தமிழ் உட்பட நான்கு ஆட்சிமொழிகளிலும் எச்சரிக்கை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி, துப்பாக்கி ஏந்திய காவலரின் உருவமும் வரைந்திருக்கிறது. கட்டட வேலைக்குப் போன நம் ஊர்க்காரர் அதைப் பார்த்தால் ஒரு நொடியில் விலகிப் போய்விடுவார். தமிழ்நாட்டில் சுவருக்குச் சுவர் இப்படி ஒரு பலகை வைக்க ஆகும் செலவு, ஒரே ஒரு தவறான கைது ஒரு குடும்பத்துக்கு வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தடுத்து நிறுத்தினால்...

ஓடாதீர்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள். கைகள் தெரியும்படி நின்று, பெயரையும் வந்த காரணத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

பதற்றத்தில் படங்களை நீங்களாக அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால், மறைக்க ஏதோ இருந்தது என்ற சந்தேகம் வலுக்கும். காவலர் முன்னிலையில், அவர் சொன்னால் அழியுங்கள்.

கைது என்று வந்தால் காரணத்தைக் கேட்பது உங்கள் உரிமை. வக்கீலை அமர்த்திக்கொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு உரிமை தருகிறது. குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லவேண்டியது போலீஸின் கடமை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளி வடிவில் பதிவுசெய்யச் சொல்கிறது. செல்போனைக் கைப்பற்றினால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் இரட்டிப்புக் கவனம் கொள்ளவேண்டும். அரண்மனை, தூதரகம், விமான நிலையம், எண்ணெய் ஆலை, படை வண்டி எதையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பாதீர்கள். அங்கே ஒரு வழக்கு என்பது விசா, வேலை, ஊரில் அடைபடாமல் இருக்கும் கடன் எல்லாவற்றையும் சேர்த்துத் தொடும். பிடிபட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேளுங்கள். 1963-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது.

படமெடுப்பவர் பொறுப்பு ஒரு பாதிதான். மறு பாதி காவலருடையது, அவரைப் பணியில் அமர்த்திய அரசுடையது. ஹெட்லியைப் போன்ற ஒருவனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், செல்பி எடுத்த ஆயிரம் பேரை மிரட்டி அனுப்புவதில் நேரம் போகக் கூடாது. கேள்வி கேட்கவும், விளக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும், எப்போது மேலதிகாரியை அழைக்கவேண்டும் என்று தீர்மானிக்கவும் காவலருக்குப் பயிற்சி வேண்டும். மரியாதையோடு நடத்தப்பட்ட பொதுமகன்தான், நாளை அதே வேலியோரம் உண்மையிலேயே சந்தேகத்துக்குரிய ஒருவரைக் கண்டால் தானாக வந்து தகவல் சொல்வான். அவமானப்பட்டுத் திரும்பியவன் சொல்ல மாட்டான்.

ஆகவே மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து உடனே செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. தடைசெய்யப்பட்ட ஒவ்வோர் இடத்தின் எல்லையிலும் தமிழில், படத்தோடு பலகை வைக்கவேண்டும். சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி, கல்லூரிகளிலும் ஒளிப்படக் கலைஞர் சங்கங்களிலும் விதிகளை நேரில் போய் விளக்கவேண்டும். தெரியாமல் எடுத்ததாக முதல் விசாரணையிலேயே தெளிவானால், எச்சரித்து அனுப்புவதற்கு எழுத்துப்பூர்வ நடைமுறை வகுக்கவேண்டும். கோட்டைத் தெளிவாகப் போட்டுக் காட்டிய அரசுக்குத்தான், அதைத் தாண்டியவரைத் தண்டிக்கும் தார்மீக உரிமை உண்டு. அப்படிப் போட்ட கோட்டை மதிக்கும் கடமை, கையில் செல்போன் வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.